சென்னையிலிருந்து ஆகன் வரை: ஒரு மாணவரின் பணம் செல்லும் வழி

ஜெர்மனியின் மேற்கு விளிம்பில், நெதர்லாந்தும் பெல்ஜியமும் எல்லை தொடும் இடத்தில் அமைந்த ஆகன் நகரத்துக்குச் சென்னையிலிருந்து செல்லும் பயணம், விமானத்தையும் ரயிலையும் மட்டும் கணக்கிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். அங்கே படிக்கச் செல்லும் மாணவரின் பணம் மேற்கொள்ளும் பயணமோ பல மாதங்கள் முன்பே தமிழ்நாட்டின் ஒரு வங்கிக் கிளையில் தொடங்கி, ஆகனில் அவர் பெயர் ஒட்டப்பட்ட தபால்பெட்டிக்குள் வங்கி அட்டையும் இரகசிய எண்ணும் தனித்தனி உறைகளில் வந்து சேரும் நாளில்தான் நிறைவடைகிறது. இரு நகரங்களுக்கும் இடையிலான கல்வித் தொடர்பு பழையது: 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் கிண்டியில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவானபோது அதற்குத் துணைநின்ற ஜெர்மன் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுள் 1870இல் தொடங்கப்பட்ட ஆகன் பல்கலைக்கழகமும் ஒன்று. இன்று இந்த வழியில் செல்லும் மாணவர்களின் குடும்பங்கள் எவ்வளவு பணம் வேண்டும் என்பதைத் துல்லியமாக விசாரித்து அறிகின்றன. அந்தப் பணம் எந்த வாரத்தில், எந்த வடிவத்தில், யாருடைய கைக்கு எட்டும் என்பதைக் கேட்பவர்கள் குறைவு. வெளிநாட்டுக்குச் சென்ற முதல் இரண்டு மாதங்களில் மாணவர்கள் படும் பணத்துன்பத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படாததால் விளைவது.

ஜெர்மனிக்கான மாணவர் விசாவுக்கு நிதி ஆதாரம் காட்டப் பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி, மாணவர்கள் பேச்சில் பிளாக்டு அக்கவுண்ட் என்றும் ஜெர்மன் மொழியில் ஷ்பெர்கோன்டோ என்றும் வழங்கும் முடக்கக் கணக்கு ஆகும். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே மாணவரின் பெயரில் செலுத்திவிட்டு, நாட்டுக்குள் வந்த பிறகு மாதந்தோறும் ஒரு வரம்புக்குள் மட்டும் எடுக்க முடியும்படி பூட்டி வைப்பதே அதன் இயல்பு. 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ. இந்த எண் மனம்போன போக்கில் விதிக்கப்பட்டதன்று. பெற்றோரைப் பிரிந்து வாழும் ஜெர்மன் மாணவருக்கு அந்நாட்டு அரசு வழங்கும் கல்வி உதவித்தொகையின் உச்ச அளவே 992 யூரோ என்பதால், அந்த உதவித்தொகை உயரும்போது வெளிநாட்டு மாணவர் காட்ட வேண்டிய தொகையும் உயர்கிறது. ஆகன் அமைந்துள்ள நார்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலம் 2011இல் கல்விக் கட்டணத்தை நீக்கிவிட்டதால், அரசுப் பல்கலைக்கழக மாணவர் பருவத்துக்கு ஒருமுறை சுமார் 300 யூரோ அளவிலான பங்களிப்பை மட்டும் செலுத்துகிறார். அதிலேயே நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்வதற்கான பயணச்சீட்டும் அடங்கிவிடுகிறது. ஆகவே இந்தப் பயணத்தில் திரட்டப்படும் பணம் படிப்பின் விலையைவிட, உண்டு உறங்கி வாழ்வதன் விலையே ஆகும்.

ஒரு யூரோவை நூறு ரூபாயாகக் கொண்டால் இத்தொகை ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். இதை அனுப்ப இடந்தருவது, இந்திய ரிசர்வ் வங்கி 2004இல் கொண்டுவந்த தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை இதன்கீழ் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பான் எண்ணும் ஏ2 என்னும் படிவமும் வேண்டும். இத்துடன் பல குடும்பங்கள் கடைசி நேரத்தில் அறிந்து திகைக்கும் ஒன்று டி.சி.எஸ். எனப்படும் வரி முன்வசூல். ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை முன்கூட்டியே பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்துகிறது. 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. பிடிக்கப்பட்ட தொகை வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுசெய்யப்படும் அல்லது திரும்ப வரும் என்றாலும், அதுவரை அது குடும்பத்தின் கையில் இல்லாத பணம். வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனித்தனியானது. ஆகவே தாயும் தந்தையும் தத்தம் சேமிப்பிலிருந்து பகிர்ந்து அனுப்பும் குடும்பத்துக்கு இந்தச் சுமை நேர்வதில்லை. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்திடம் பெற்ற கல்விக் கடனிலிருந்து செல்லும் பணத்துக்கும் 2025 ஏப்ரலிலிருந்து இந்தப் பிடித்தம் இல்லை.

கல்விக் கடனைப் பொறுத்தவரை, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை மூன்றாம் நபரின் பொறுப்புறுதி போதும். அதற்கு மேல் வீடோ நிலமோ ஈடாக வைக்கப்பட வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதை, அக்காலத்துக்கு வட்டியும் இல்லை என்று பிழையாக எடுத்துக்கொள்வோர் பலர் உள்ளனர். கடன் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது. ஊரில் இருக்கும் பெற்றோர் அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவர முடிந்தால், படித்து முடித்தவர் வேலை தேடும் காலத்தில் தாங்க வேண்டிய பாரம் கணிசமாகக் குறையும்.

சென்னையில் கொடுத்த ரூபாய் ஆகனில் யூரோவாக எழும்போது, அந்தத் தூரத்தைக் கடப்பது பணத்தாள் அன்று, செய்தியே. கடல் கடந்து வணிகம் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் உண்டியல் எழுதியனுப்பியதும் இதே அடிப்படையில்தான்: இங்கே ஒருவர் பெற்றுக்கொண்டதற்கு அங்கே மற்றொருவர் கொடுத்துவிட வேண்டும் என்னும் எழுத்துபூர்வமான ஆணை. இன்று அந்த ஆணையைச் சுமப்பது, 1973இல் பிரசெல்ஸில் நிறுவப்பட்ட ஸ்விஃப்ட் என்னும் வங்கிகளுக்கிடையிலான செய்தி வலையமைப்பு. இந்திய வங்கியும் ஜெர்மன் வங்கியும் நேரடிக் கணக்கு வைத்திராத இடத்தில் இடைநிலை வங்கியொன்று நடுவில் நின்று தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறது. எனவே படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று கேட்கும் கட்டத்தில், முழுக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் தெரிவைக் குறிப்பது நல்லது; கட்டணம் பகிரப்பட்டால் 11,904 யூரோ அனுப்பிய இடத்தில் சில யூரோ குறைந்து சேர்ந்து, முழுத்தொகை வந்ததற்கான சான்று கிடைக்காமல் விசா விண்ணப்பம் தேங்கிவிடும். சிறிது கூடுதலாகவே அனுப்பிவிடுவதும் ஒரு காப்பு.

இந்தக் கட்டத்தில் ஒரு தீய வழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடக்கக் கணக்குக்கான தொகையைக் குறுகிய காலத்துக்குக் கடனாகத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். காட்டுவதற்காக மட்டும் வைக்கும் இந்தப் பணத்தை மாணவர்கள் ஷோ மணி என்கிறார்கள். விசா கிடைத்து நாட்டுக்குள் நுழைந்தபின் மாதந்தோறும் விடுவிக்கப்படும் 992 யூரோ அப்படியே கடன்காரருக்குச் சென்றுவிட, மாணவர் முதல் மாதத்திலிருந்தே வாடகைக்கு வழியின்றி நிற்கிறார். அந்தத் தொகை விசா அதிகாரியின் மனநிறைவுக்காக அன்று, பனிக்காலத்தில் சூடான அறையும் மருத்துவக் காப்பீடும் உணவும் இருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்கப்படுகிறது. அதைக் கடன்வாங்கிக் காட்டிவிட்டுப் பயணப்படுவதைவிட, ஓராண்டு தள்ளிப்போட்டுச் சேர்த்துக்கொண்டு செல்வது எவ்வளவோ மேல்.

தமிழ்நாட்டு மாணவருக்குச் சிறப்பாக உரிய இடர் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. குடும்பப்பெயர் இல்லாமல், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்து வாழ்ந்த ஒருவரின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கலாம். அல்லது தலைப்பெழுத்து விரிந்து தந்தையின் பெயர் அங்கே நிற்கலாம். ஜெர்மன் அலுவலகப் படிவங்களில் முதற்பெயரும் குடும்பப்பெயரும் கட்டாயமானவை. பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதத்தில் ஒருவிதமாகவும், முடக்கக் கணக்கில் வேறுவிதமாகவும், காப்பீட்டுச் சான்றில் மூன்றாவது விதமாகவும் பெயர் பதிவானால், ஒவ்வொரு கவுன்டரிலும் இவை மூன்றும் ஒரே மனிதருடையவை என்று நிறுவ வேண்டிவரும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் அனுப்பும் முன் பெறுநரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துச் சொல்லும் கடமைக்கு உட்பட்டிருப்பதால், முன்பு பெயர்ப் பிழையுடனேயே சென்றுவிட்ட பணத்துக்கு இப்போது எச்சரிக்கை எழுகிறது. கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், எல்லா இடத்திலும் எழுதுவது என்ற முடிவைச் சென்னையிலேயே எடுத்துவிட வேண்டும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றுள் வேறு மூன்றைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். வெளிநாட்டுப் பணத்தாள் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரையே பெற முடியும். அதில் சில நூறு யூரோவை 20, 50 யூரோத் தாள்களாகக் கேட்டுப் பெறுவது பயன்தரும், ஏனெனில் ஜெர்மனியின் சிறு கடைகள் பெரிய தாள்களை வாங்கத் தயங்குகின்றன. மீதியை, முன்பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் யூரோவாகவே வைத்துக்கொள்ளலாம். அடுத்தது, இந்தியக் கைபேசி எண்ணை ரோமிங் வசதியோடு உயிருடன் வைத்திருப்பது, ஓ.டி.பி. வராவிட்டால் சொந்த வங்கிக் கணக்கே அந்நியமாகிவிடும். மூன்றாவது, வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நோக்கில் வெளிநாடு வாழ் இந்தியர்களாகவே கருதப்படுவர் என்று ரிசர்வ் வங்கி 2003இல் தெளிவுபடுத்தியிருப்பதால், ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றும்படி வங்கிக்கு எழுதிக் கொடுப்பது.

நள்ளிரவைத் தாண்டிச் சென்னையை விட்டு எழும் நேரடி விமானம் காலையில் பிராங்பேர்ட்டில் இறங்குகிறது. யூரோவின் வட்டியை முடிவுசெய்யும் ஐரோப்பிய மத்திய வங்கி மைன் ஆற்றங்கரையில் நிற்கும் நகரம் அது. ஆயினும் மாணவரின் முதல் பணமுடிவு விமான நிலையத்தின் ஏ.டி.எம். திரையின் முன்னேதான் நிகழ்கிறது. இந்திய அட்டையைச் செருகியதும், தொகையை ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா என்று இயந்திரம் கேட்கும். தாய்நாட்டு நாணயம் என்பதால் ரூபாயைத் தொட்டுவிடும் விரல், அந்த இயந்திரத்தின் உரிமையாளர் தன் இலாபத்துக்காக நிர்ணயித்த மாற்று விகிதத்துக்கு ஒப்புதல் தந்துவிடுகிறது. எங்கும், எப்போதும், அந்தந்த நாட்டு நாணயத்தையே தேர்வது நல்லது. இது கடைகளின் அட்டை இயந்திரங்களுக்கும் பொருந்தும்.

விமான நிலையத்தை ஒட்டியே உள்ள நெடுந்தூர ரயில் நிலையத்தில் பிரசெல்ஸ் நோக்கிச் செல்லும் ஐ.சி.இ. வண்டியில் ஏறினால் நேராக ஆகனில் இறங்கலாம். 2002இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதை, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் மலைகளைக் குடைந்து சென்று, கொலோன் நகரின் ஓகன்சோலர்ன் பாலத்தில் ரைன் ஆற்றைக் கடந்து, பேராலயத்தின் காலடியிலேயே நிற்கிறது. அதே தண்டவாளம் ஆகனைத் தாண்டிப் பெல்ஜியத்துக்குள் செல்கிறது; சென்னைக் கிளையிலிருந்து அனுப்பிய பணத்தின் செய்தியைச் சுமந்த ஸ்விஃப்ட் நிறுவனத்தின் தலைமையகம், அவ்வண்டி சென்று முடியும் பிரசெல்ஸுக்கு அருகில் உள்ள லா உல்ப் என்னும் சிற்றூரில் இருக்கிறது.

ஆகன் பணத்தின் வரலாற்றில் தனி இடம் கொண்ட ஊர். இங்கே அரண்மனை அமைத்துக்கொண்டு, 814இல் இங்கேயே அடக்கம் செய்யப்பட்ட பேரரசர் சார்லமேன், எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நாணயத்தைச் சீர்திருத்தி, ஒரு பவுண்டு எடை வெள்ளியிலிருந்து 240 காசுகள் அடிக்க வேண்டும் என்று வகுத்தார். இங்கிலாந்தில் பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று 1971 வரை நீடித்த கணக்கின் வேர் அதுதான். அவர் கட்டிய சிற்றாலயத்தைக் கருவாகக் கொண்டு வளர்ந்த பேராலயம் 1978இல் யுனெஸ்கோவின் முதல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அவர் பெயரால் இந்நகரம் ஆண்டுதோறும் வழங்கும் விருது 2002இல் எந்த மனிதருக்கும் தரப்படவில்லை. அவ்வாண்டு சனவரியில் மக்கள் கைக்குத் தாளாகவும் காசாகவும் வந்த யூரோவுக்கே தரப்பட்டது.

இந்த ஊரில் வந்திறங்கும் மாணவரைச் சுற்றி, சட்டப்படி முறையானதும் நடைமுறையில் கொடியதுமான ஒரு முடிச்சு காத்திருக்கிறது. முடக்கக் கணக்கிலிருந்து 992 யூரோ வெளிவர வேண்டுமானால் ஜெர்மனியில் அன்றாட வரவுசெலவுக்கான நடப்புக் கணக்கு, அதாவது கிரோகோன்டோ, வேண்டும். பல வங்கிகள் அதைத் திறக்க முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. ஆன்மெல்டுங் எனப்படும் அந்தப் பதிவு, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் செய்யப்பட வேண்டும். அதற்கு, இவர் இங்கே குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டு வேண்டும். வீட்டுக்காரரோ கௌட்சியோன் எனப்படும் முன்வைப்புத் தொகையையும் முதல் மாத வாடகையையும் பெற்ற பிறகே சாவி தருவார். ஆக, பூட்டிய பணத்தின் சாவியைப் பெறுவதற்கே பூட்டப்படாத பணம் தேவைப்படுகிறது. இந்தச் சுற்று முடியச் சில வாரங்கள் முதல் ஒன்றரை மாதம் வரை ஆகலாம். அக்டோபரில் பருவம் தொடங்குவதால் அதையொட்டிய மாதங்களில் அலுவலக முன்பதிவு கிடைப்பதே அரிது. ஆகவே 11,904 யூரோவைத் தவிர, இரண்டு மாத வாழ்க்கைக்கும் முன்வைப்புக்கும் போதுமான தொகை, ஃபாரெக்ஸ் கார்டிலும் கையிருப்பிலும் பிரிந்து, மாணவருடனேயே விமானம் ஏற வேண்டும்.

இம்முடிச்சைத் தளர்த்தும் சட்டங்களை அறிந்திருப்பது பெருந்துணை. சூடேற்றும் செலவு முதலியவை சேராத வாடகையைக் குளிர்ந்த வாடகை என்றும், சேர்ந்ததைச் சூடான வாடகை என்றும் ஜெர்மானியர் வழங்குகின்றனர். முன்வைப்புத் தொகை குளிர்ந்த வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பதும், அதை மூன்று சமமான மாதத் தவணைகளாகச் செலுத்தும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு என்பதும் அந்நாட்டு உரிமையியல் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டைக் காட்டாமலேயே, தாம் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் எவராயினும் அவருக்கு ஒரு யூரோவும் அனுப்பலாகாது. வீடு தேடும் அவசரத்தில் இந்த ஏமாற்றுக்கு இரையானவர்கள் இழந்தது, பெரும்பாலும், அந்தப் பூட்டப்படாத சிறு தொகையைத்தான். வீடு கிடைத்த அன்றே செய்ய வேண்டிய வேலை, தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் தம் பெயரை ஒட்டுவது. அடுக்ககங்களில் கதவெண்ணைப் பார்த்தல்ல, பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்தே தபால்காரர் கடிதம் போடுகிறார். பெயரில்லாத பெட்டிக்கு வந்த வங்கி அட்டை திரும்பிப் போய்விடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு மறுக்கப்படக் கூடாது என்று 2016 முதல் ஜெர்மனியில் நடைமுறையில் உள்ள சட்டம் சொல்கிறது. ஒரு கிளையில் மறுத்துவிட்டார்கள் என்று சோர்ந்து திரும்பும் மாணவர் இந்த உரிமையைப் பெயர்சொல்லிக் கேட்கலாம். கணக்கு கிடைத்ததும் ஐபான் என்னும் 22 இலக்க எண் அவருடையதாகிறது. விடுதி வாடகையும் காப்பீடும் கைபேசிக் கட்டணமும் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் என்னும் முறையில், பெறுபவரே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைவதால், எடுக்கும் நாளில் கணக்கில் பணம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிய தொகைக்கான கட்டணம் சேரும். பிழையாக எடுக்கப்பட்ட தொகையை எட்டு வாரத்துக்குள் காரணம் கூறாமலே திரும்பப் பெறலாம் என்பது இம்முறையின் நல்ல பக்கம். முகவரி பதிவானதும், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். தொலைக்காட்சி இல்லை என்று எண்ணி அதை ஒதுக்கிவிடுவது தவறு. சேர்ந்து வாழும் நால்வரில் ஒருவர் கட்டினால் போதும், ஆனால் எவரும் கட்டாமல் இருக்க முடியாது. முப்பது வயதுக்குட்பட்ட மாணவரின் அரசுசார் மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்கு மேல் வருவதையும் சேர்த்தால், 992இல் கைச்செலவுக்கு எஞ்சுவது சிறிதே.

ஆகனிலிருந்து நகரப் பேருந்திலேயே சென்றடையக்கூடிய வால்ஸ் நெதர்லாந்தின் ஊர். வாடகைக்காக அங்கே குடியிருந்துகொண்டு ஆகனில் படிக்கும் மாணவர்கள் உண்டு. 2002க்கு முன் இந்தச் சிறு தூரத்தில் மார்க் கில்டராகவும், தெற்கே திரும்பினால் பெல்ஜிய பிராங்காகவும் மாறிய இடத்தில் இன்று ஒரே நாணயம். ஆனால் அட்டைகள் அந்த அளவுக்கு ஒன்றுபடவில்லை: ஜெர்மன் வங்கிகள் தரும் கிரோகார்டு உள்நாட்டுக்கானது, அதில் விசா, மாஸ்டர்கார்டு போன்ற துணைச் சின்னம் இல்லையென்றால் எல்லைக்கு அப்பாலுள்ள கடையில் செல்லாது.

படித்துக்கொண்டே ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்ய 2024 மார்ச் முதல் இடமுண்டு. வரி அடையாள எண் வந்துசேரும் முன் சம்பளம் தொடங்கினால் உயர்ந்த வரி பிடிக்கப்படலாம். அது பின்னர் திரும்பக்கூடியது. இதைவிட அபாயமானவை இரண்டு. ஒன்று, ஆகனில் ஒருவர் மற்றவருக்கு யூரோ கொடுக்க, ஊரில் அவர் குடும்பம் இவர் குடும்பத்துக்கு ரூபாய் கொடுத்துக் கணக்கை நேர்செய்யும் பழக்கம். நட்பின் பெயரால் நடந்தாலும் இது இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குப் புறம்பானது. மற்றொன்று, தங்கள் கணக்கில் பணத்தைப் பெற்று வேறிடத்துக்கு அனுப்பினால் தரகு தருவதாக வரும் அழைப்பு. அந்தப் பணம் மோசடியில் பறிக்கப்பட்டதாக இருக்கும். கணக்கை இரவல் கொடுத்தவர் பணச் சலவைக் குற்றத்துக்கு உள்ளாவார். கணக்கும் விசாவும் எதிர்காலமும் ஒருசேர ஆபத்துக்குள்ளாகும்.

குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த ஆண்டுக்கான நிதியாதாரமும் மீண்டும் காட்டப்பட வேண்டும் என்பதை முதலாண்டின் வரவுசெலவிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். பகுதிநேர வேலை கிடைத்தே தீரும் என்று எண்ணி இரண்டாம் ஆண்டை வேலையின் தலையில் சுமத்தும் திட்டம் ஆபத்தானது. பணம் குறைகிறது என்று உணர்ந்த மாணவர், அதை வீட்டில் மறைத்துக்கொண்டு அறைத்தோழரிடம் கைமாற்று வாங்கத் தொடங்கும் முன், பல்கலைக்கழக ஊர்கள்தோறும் உள்ள மாணவர் நலச் சேவை அமைப்பின் சமூக ஆலோசனைப் பிரிவுக்குச் செல்லட்டும். அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, அந்நியர் என்ற வேறுபாடும் இல்லை. பெற்றோரும், பிள்ளை அழைக்கும்போது சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றும் வெட்கமோ கண்டிப்போ இல்லாமல் கேட்டுவைக்க வேண்டும்.